என்பிஏ அணி ஒன்றின் டிராஃப்ட் தேர்வுகள் நல்லவையா என்று எப்படி மதிப்பிடுவது?

டிராஃப்ட் என்பது வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. முதலில், அது முடிந்த மறுநாளே மதிப்பெண் போடாதீர்கள். முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் ஒப்பந்தமே நான்கு ஆண்டுகள் வரை நீளும். அவ்வளவு காலமாவது பொறுக்க வேண்டும். அந்த வீரருக்குப் பின்னால் யாரெல்லாம் மிச்சமிருந்தார்கள் என்றும் பாருங்கள்.

டென்வர் நக்கெட்ஸ் 2014இல் 11ஆவதாக எடுத்த டக் மெக்டெர்மாட்டை அன்றிரவே சிகாகோவுக்குக் கொடுத்து, 16, 19ஆவது இடங்களில் தேர்வான யூசுஃப் நுர்கிச்சையும் கேரி ஹாரிஸையும் பெற்றது. அதுவே நல்ல பேரம்தான். ஆனால் உண்மையான புதையல் 41ஆவது இடத்தில் இருந்தது. நிகோலா யோகிச்சின் பெயர் வந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது! அவர் செர்பியாவில் இன்னும் ஓராண்டு ஆடிவிட்டுத்தான் டென்வருக்கு வந்தார். 2021, 2022, 2024 ஆண்டுகளில் மிகச்சிறந்த வீரர் விருது. 2023இல் அணிக்கு முதல் என்பிஏ கோப்பை.