வீட்டுத் தராசுக்கும் ஆலை எடைக்கும் 50 கிலோ வித்தியாசம்: பிழை விழுக்காடு பார்ப்பது எப்படி?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எனக்குக் கொஞ்சம் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. போன அறுவடையில் 62 குலைகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக் கொக்கித் தராசில் நிறுத்தேன். மொத்தம் 1,240 கிலோ. ஆலைச் சீட்டிலோ 1,190 கிலோதான். இதில் பிழை எத்தனை விழுக்காடு? யாரை நம்புவது?

பதில்: வித்தியாசத்தைச் சரியான எடையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான். ஆலையின் எடைமேடை, 1972ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டப்படி சோதித்து முத்திரையிட வேண்டிய கருவி. அதையே சரியென்று வைத்தால் 50 ÷ 1,190 × 100 = 4.2. உங்கள் தராசு கூடுதலாகக் காட்டுவதால் +4.2 விழுக்காடு. கூட்டல் குறியை விட்டுவிடாதீர்கள். தராசு எந்தப் பக்கம் தப்புகிறது என்பதை அதுதான் சொல்லும்.

ஆனால் உங்கள் சந்தேகமே ஆலை எடைமேல்தான். அதையே அளவுகோலாக வைத்தால் சந்தேகம் எப்படித் தீரும்? முதலில் உங்கள் தராசைச் சோதியுங்கள்.

நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழித்தீர்களா? வெறும் சாக்கை மாட்டினால் முள் 0.8 கிலோவில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குலைக்கு அது அற்பம். 62 தடவை சேர்ந்தால் 49.6 கிலோ! உங்கள் 50 கிலோ கிட்டத்தட்ட அதிலேயே அடங்கிவிடும்.

அப்புறம், முத்திரையுள்ள கடைத் தராசில் 10 கிலோ அரிசிப் பையையும் 50 கிலோ உரமூட்டையையும் நிறுத்துக்கொண்டு, சாக்கில்லாமல் உங்கள் தராசில் மாட்டிப் பாருங்கள். 10.8, 50.8 என்று வந்தால் முள் பூச்சியத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு எடையிலும் 0.8 கழித்தால் போதும். 10.4, 52 என்று வந்தால் தராசே 4 விழுக்காடு கூட்டிக் காட்டுகிறது, மொத்தத்தை 1.04ஆல் வகுங்கள், 1,192 வரும். ஒரே மூட்டையை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

மிஞ்சும் 2 கிலோவுக்காக ஆலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். லாரி எடைமேடைகள் பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோ படிகளில்தான் காட்டும். குலைகள் ஒரு இரவு கிடந்தாலே ஈரம் வற்றி எடை குறையும். உதிரிப் பழம் சிந்தினாலும் குறையும்தான்.

இதையெல்லாம் கழித்த பிறகும் ஒவ்வொரு லோடிலும் ஆலை எடையே குறைவாக வந்தால், சீட்டுகளை எடுத்துக்கொண்டு உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.