கதவு எண் மாறியது ஏன்?

கேள்வி: ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் மோனிகா வீட்டுக் கதவில் முதலில் 5, பிறகு 20 என்று இருக்கிறதே, கவனக்குறைவா?

பதில்: இல்லை, தெரிந்தே திருத்தியது. வீடு மேல்மாடியில் இருப்பதாகக் கதை; 5 என்றால் கீழ்த்தளம் ஆகிவிடும். எதிரே ஜோயி வீட்டின் எண் 4 என்பதும் 19 ஆனது. உண்மையான சறுக்கல் மோனிகாவின் அண்ணன் ராஸின் வயதுதான்: 3, 4, 5 மூன்று சீசன்களிலும் 29!

பாத்திரங்களின் கையிலுள்ள காபிக் கோப்பை ஒரு ஷாட்டில் நிறைந்தும் அடுத்ததில் பாதியாகவும் தெரிவது வேறு கதை. ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து, நகைச்சுவை நன்றாக விழுந்த துண்டுகளை எடிட்டர் ஒட்டுகிறார். நடிப்பா, காபி அளவா என்றால் நடிப்புக்கே முதலிடம். அது சரியான முடிவும்கூட.

ஒளிந்திருக்கும் நகைச்சுவை வேண்டுமா? ஜோயி வீட்டுக் கதவின் உட்புறத்தில் தொங்கும், எழுதி அழிக்கும் காந்தப் பலகையைக் கவனியுங்கள். அதிலுள்ள படமும் எழுத்தும் அடிக்கடி மாறும். கதவு மூடும் நொடியில் நிறுத்திப் பார்த்தால் தெளிவாகப் படிக்கலாம்.