வாசகர் கேள்வி-பதில்: கதைப்பதற்கு ஏன் இத்தனை வருடப் படிப்பு?

சென்ற இதழில் பரீட்சைப் பயம் பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பல, பயத்தை விட்டுவிட்டு, மருத்துவ உளவியலாளர் என்ற என் தொழிலைப் பற்றியே கேட்கின்றன. சரி, இந்த முறை அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகள் உயர்தரம் கலைப்பிரிவு. மருத்துவ உளவியலாளராக வர வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அவளின் அப்பாவோ "விசர் ஆட்களோடு வேலை, அதுவும் டொக்டரும் இல்லை" என்கிறார். என்ன படிக்க வேண்டும், எவ்வளவு காலம்? (ஒரு அம்மா, கொக்குவில்)

அம்மா, அவர் சொன்னதில் பாதி சரி. நாங்கள் டொக்டர் இல்லை. மனநல வைத்திய நிபுணர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. செய்தவர், மருந்து எழுதுவார். நாங்கள் உளவியல் பட்டத்தின் வழியாக வருகிறோம், மருந்து எழுதுவதில்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோ, லூசியானா போன்ற சில மாநிலங்களில் மட்டும் மேலதிகமாகப் படித்த உளவியலாளர்கள் மருந்தும் எழுதலாம்.

மற்றப் பாதி சரியில்லை. "விசர்" என்ற சொல்லை அவரிடம் அன்பாகச் சொல்லி விட வையுங்கள், எத்தனையோ பேரைக் கிளினிக் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்ட சொல் அது. என்னிடம் வருபவர்கள் யார் தெரியுமா? பிள்ளை பிறந்து இரண்டு மாதமாகியும் முகத்தில் சிரிப்பே வராத தாய், கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோன இளைஞன், பாரிசவாதத்துக்குப் பிறகு பேரப்பிள்ளையின் பெயர் நினைவுக்கு வராமல் அழுகிற தாத்தா, புலமைப்பரிசில் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாமல் "மொக்கு" என்று பெயர் வாங்கிய பிள்ளை. இந்தத் தொழில் தொடங்கியதே அப்படியான ஒரு பிள்ளையோடுதான். 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். அங்கே ஓர் ஆசிரியை கூட்டிவந்தது, எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பையனைத்தான். சோதித்துப் பார்த்தால் கண்பார்வையிலும் குறை. கண்ணாடி போட்டு, தனியாகப் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள்.

படிப்புக்கு வருவோம். முதலில் உளவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம். அதன் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலில் எம்.ஃபில்., முழுநேரமாக இரண்டு வருடம். அதில் வகுப்பு ஒரு பங்குதான், மிச்சம் விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் மூத்தவர்களின் கண்ணுக்கு முன்னால் ஆட்களோடு வேலை செய்வதும், ஓர் ஆய்வும். முடித்தபின் இலங்கை மருத்துவ சபையில் பதிவு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம், படிப்பு ஆங்கிலத்தில். கொழும்பு ஆஸ்பத்திரிகளில் சிங்களம் தெரியாமல் பல நோயாளிகளின் கதையை முழுதாகக் கேட்க முடியாது, எனவே மகள் இப்போதே சிங்களம் பழகத் தொடங்கட்டும். நான் அதை இருபத்தைந்து வயதில் தொடங்கிப் பட்ட கஷ்டம் அவளுக்கு வேண்டாம்.

கேள்வி: போன மாதம் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துப்போகப் போகிறேன் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து ஒரு மிஸ்ஸிடம். அவர் முக்கால் மணித்தியாலம் கதைத்தார், கொப்பியில் எழுதி வரச் சொன்னார். மூன்றாம் முறை வேகமாக மூச்சு விடச் சொல்லிப் படபடப்பை அவரே வரவைத்தார்! ஒரு குளிசைகூட இல்லை. இது என்ன வைத்தியம்? (34 வயது, சண்டிலிப்பாய்)

தம்பி, நீங்கள் நல்ல கையில்தான் இருக்கிறீர்கள், விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வந்தது பீதித் தாக்கம் போலத் தெரிகிறது. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, உடனே "இது ஹார்ட் அட்டாக்" என்று மனம் சொல்கிறது, அந்தப் பயத்தில் உடம்பு இன்னும் வேகமாக அடிக்கிறது, அதைப் பார்த்து மனம் "பார், நான் சொன்னேனே" என்கிறது. இப்படியே சுற்றிச் சுற்றிப் பத்து நிமிடத்தில் ஆள் தரையில். அதற்குப் பிறகு தனியாகப் பஸ்ஸில் போகப் பயம், படியேறப் பயம், தண்ணீர்ப் போத்தலும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் வெளிக்கிடப் பயம்.

அந்த மிஸ் உங்களை வேகமாக மூச்சு விடச் சொன்னது, நீங்கள் பயப்படுகிற அதே படபடப்பை, கதவு சாத்திய அறையில், தானும் பக்கத்தில் இருந்துகொண்டு, நீங்களே வரவைத்து அது தானாகவே அடங்குவதைக் கண்ணால் காண்பதற்காக. உடம்புக்கு ஆபத்தில்லை என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு, அந்த விளக்கத்தையும் தந்துவிட்டுத்தான் இதைச் செய்வார்கள். "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று வீட்டில் நூறு பேர் சொல்லியும் நம்பாத மனம், இதை நாலு தரம் கண்டால் நம்பும். கொப்பி எதற்கென்றால், எப்போது வந்தது, அந்த நேரம் மனதில் ஓடியது என்ன, பிறகு என்ன செய்தீர்கள் என்று பார்க்கத்தான். எழுதாமல் போகிறவர்களுக்கு இந்த வைத்தியம் பாதிதான் வேலை செய்கிறது, இதை அனுபவத்தில் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டி வரலாம். சிலருக்கு மருந்தும் சேர்த்துத் தேவைப்படும், அதை வைத்தியர் முடிவு செய்வார், இரண்டுக்கும் பகை இல்லை.

கேள்வி: லண்டனில் இந்தப் படிப்புக்குச் சம்பளம் தருவார்கள் என்று அண்ணா சொல்கிறார். உண்மையா? (மாணவன், நெல்லியடி)

உண்மை. அங்கே அது மூன்று வருட முனைவர் பட்டம், பயிலுநர்கள் என்.எச்.எஸ். என்ற அந்நாட்டு அரச சுகாதார சேவையின் ஊழியர்களாகச் சம்பளத்தோடு படிக்கிறார்கள். ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் அங்கேயே வாழ்கிறவர்களுக்குத்தான், இங்கிருந்து நேரே போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: ஆறு மாத ஒன்லைன் டிப்ளோமா முடித்த ஒருவர் எங்கள் ஊரில் "உளவியல் நிபுணர்" என்று போர்ட் போட்டிருக்கிறார். போகலாமா? (வாசகி, சாவகச்சேரி)

மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உண்மையானவர் கோபிக்க மாட்டார். இங்கிலாந்தில் 2009 முதல் பதிவில்லாத எவரும் அந்தப் பெயரைப் போடவே முடியாது. இங்கே நாங்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

உளவளத்துணையாளர்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போருக்குப் பின்னும் சுனாமிக்குப் பின்னும் இந்த மண்ணில் வீடு வீடாகப் போய் ஆட்களின் கதையைக் கேட்டவர்கள் அவர்கள்தான், என்னைப் போன்றவர்கள் அப்போது இங்கே இல்லை. நான் சொல்வது, தனக்குத் தெரிந்த எல்லை எது என்று அறிந்தவரிடம் போங்கள் என்பதுதான். அவசரம் என்றால் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

கேள்வி: வெள்ளைக்காரன் கண்டுபிடித்த முறைகள் எங்கள் ஆட்களுக்குச் சரிவருமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை)

ஐயா, நான் தினமும் முட்டுப்படுகிற கேள்வி இது. மனச்சோர்வை அளக்க உலகமெங்கும் பாவிக்கிற ஓர் ஆங்கில வினாக்கொத்தில், துக்கத்துக்கு நீல நிறத்தின் பெயர் வரும். அதை அப்படியே தமிழாக்கினால் சுன்னாகத்தில் ஒரு அம்மாவுக்கு என்ன விளங்கும்? அவர் சொல்வது "நெஞ்சு பாரமாய்க் கிடக்குது", "ஒரே யோசனை", "உடம்பெல்லாம் உளையுது". பெருமூச்சு விடுவதையே ஒரு முறைப்பாடாகச் சொல்கிறவர்கள் எங்கள் ஆட்கள். யாழ்ப்பாணத்தில் பல காலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதை எழுதியும் இருக்கிறார். நுண்ணறிவுச் சோதனையிலும் அதே சிக்கல்தான். சராசரி 100 என்பது எந்த நாட்டுப் பிள்ளைகளின் சராசரி என்று கேட்காமல், அந்த எண்ணை வைத்து எங்கள் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது. நான் அறிக்கையில் எண்ணைவிட, பிள்ளை எதைச் செய்தது, எந்த இடத்தில் தடுமாறியது என்பதைத்தான் விரித்து எழுதுகிறேன்.

ஆனால் முறைகள் சரிவராது என்று சொல்ல மாட்டேன். சுனாமிக்குப் பின் வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளோடு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பகுதிப் பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து, பயங்கரமான இடங்களையும் தாண்டிச் சொல்லவைத்தார்கள், மற்றப் பகுதிக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இருவருக்கும் ஆறு அமர்வுகள், நடத்தியது பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். மேற்கில் உருவான முறையும் எங்களுக்குப் பழகிய முறையும் இரண்டுமே கைகொடுத்தன. கொண்டுபோனவர்கள் தமிழில் கதைத்த எங்கள் ஆட்கள் என்பதுதான் எனக்கு அதில் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: நாள் முழுக்கத் துக்கக்கதை கேட்டால் உங்களுக்குத் தூக்கம் வருமா? (மாணவி, கம்பஸ் இரண்டாம் வருடம்)

பெரும்பாலும் வரும், தங்கச்சி. ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர், அதற்குமேல் பார்த்தால் ஏழாவது ஆளுக்கு அநியாயம் செய்கிறேன். இடையில் குறிப்பு எழுத வேண்டும், பாடசாலைக்கு அறிக்கை எழுத வேண்டும். பிறகு மேற்பார்வை இருக்கிறது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், பெயர் சொல்லாமல் நான் செய்ததை ஒரு மூத்தவருக்கு முன்னால் வைத்து, எங்கே பிழைத்தேன் என்று கேட்பேன். அது இல்லாவிட்டால் தூக்கம் வராது.

பயிற்சி முடித்த புதிதில் ஓர் அம்மா வந்தார், அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மகன் 2009இல் காணாமல் போனவன். இழப்பை ஏற்றுக்கொள்ள உதவ வேண்டும் என்று படித்ததை வைத்துக்கொண்டு நான் மெல்ல அந்தப் பக்கம் கதையைத் திருப்பினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட்டார். மேற்பார்வையாளர் அன்று கேட்டது ஒன்றே ஒன்று: "மகன் இல்லை என்று உமக்கு யார் சொன்னது?" உடலும் இல்லாமல், பதிலும் இல்லாமல் காத்திருப்பது மரணத் துக்கம் இல்லை, அது வேறு. அதை முடித்துவைக்க எனக்கு உரிமை இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். இந்த முறை, மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படி என்று மட்டும் கேட்டேன். ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார்.