தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியையும் இணையப் பாதுகாப்பையும் எப்படிச் சொல்லித்தருவது?

கிராமத் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், இருப்பது ஒரே ஒரு கணினி, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவைதானா, தேவையென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படியொரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்தான் பதினான்கு ஆண்டுகளாக ஆசிரியை. கட்டாயம் தேவை. கணினி ஒரு பாடம், பாதுகாப்பு வேறொரு பாடம் என்று பிரிக்காமல் இரண்டையும் ஒன்றாகவே சொல்லித்தர வேண்டும். ஒரு தவறு செய்த பிறகே இது எனக்குப் புரிந்தது. முதலில் அந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் மூடிய எங்கள் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. பிள்ளைகள் திரும்பி வந்தபோது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு தொடுதிரை போன் நுழைந்திருந்தது. எனக்குப் பதற்றம். ஒரு மணி நேரம் ஒதுக்கி ‘பாதுகாப்பு வகுப்பு’ எடுத்தேன். போனைத் தொடாதீர்கள், தெரியாத லிங்கைத் தட்டினால் பணம் போய்விடும், போலீஸ் வரும் என்று வரிசையாக எச்சரித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் மாட்டிக்கொண்டான். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் இலவச வைரம் தருவதாக ஒரு செய்தி வந்திருக்கிறது. அப்பாவின் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வந்த ஆறு இலக்க ஓடிபியையும் சொல்லிவிட்டான். செங்கல் சூளையில் வேலை செய்யும் அப்பாவின் கணக்கில் 1,800 ரூபாய் போய்விட்டது. பையன் அந்தச் செய்தியை அழித்துவிட்டு நான்கு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. “ஏன் கண்ணு, உடனே சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன். “போலீஸ் வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், டீச்சர்” என்றான்.

பணம் போன உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால், அது கைமாறிப் போவதற்குள் முடக்க வழியுண்டு. நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். நான்கு நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பிள்ளையின் வாயை நான்கு நாள் கட்டிப்போட்டது என் வகுப்பு. அன்றோடு பயமுறுத்துவதை விட்டுவிட்டேன்.

இப்போது நான் தொடங்குவது ஓர் எலுமிச்சம்பழத்தில். மேசைமேல் பழம், கத்தி, டம்ளர், தண்ணீர், சர்க்கரை. “நான் ஒரு இயந்திரம். நீங்கள் சொல்வதை அப்படியே செய்வேன். எனக்கு எலுமிச்சைச் சாறு போடக் கற்றுக்கொடுங்கள்” என்பேன். “பிழியுங்கள் டீச்சர்” என்று ஒரு குரல் வரும். நறுக்காத பழத்தை அப்படியே பிசைவேன். “வெட்ட வேண்டும்!” மேசையைக் கத்தியால் தொடுவேன். “பழத்தை வெட்ட வேண்டும்!” வெட்டிவிட்டுத் தரையில் பிழியப் போவேன். வகுப்பே எழுந்து நின்று கத்தும். அரை மணி நேரத்தில் அவர்களே கரும்பலகையில் பத்துப் பன்னிரண்டு வரிகள் எழுதிவிடுவார்கள். எந்த வரியில் பிழை என்று தேடுவார்கள், வரிசையை மாற்றுவார்கள், மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். நிரல் (புரோகிராம்) எழுதுவது என்றால் இவ்வளவுதான். கணினியை இன்னும் தொடவே இல்லை.

நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990களிலிருந்தே இப்படிக் கணினி இல்லாமல் கணினியியல் சொல்லித்தரும் முறையைப் பரப்பி வருகிறார்கள். கணினி எல்லா எண்ணையும் 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதுவதைக் காட்டும் அவர்களின் புள்ளி அட்டைப் பயிற்சியை நான் புளியங்கொட்டையில் செய்கிறேன். ஐந்து தட்டுகளில் 16, 8, 4, 2, 1 என்று கொட்டைகள். தட்டு மூடியிருந்தால் 0, திறந்திருந்தால் 1. 16, 4, 1 ஆகிய மூன்றையும் திறந்தால் 21. ஐந்து விரலால் ஐந்து வரைதான் எண்ண முடியும் என்று நினைத்திருந்த பிள்ளைகள், மடக்கி நீட்டி 31 வரை எண்ணிக் காட்டும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் பிள்ளைகள் சிந்திக்க ஒன்றுமே இல்லை.

எலுமிச்சம்பழத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மறுநாள் வகுப்பில் இப்படிக் கேட்பேன்: “ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடுகிறதே, அப்படி ஓடச் சொன்னது யார்?” முதலில் “போன்” என்பார்கள். பிறகு ஒரு குரல், “போனுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், டீச்சர்.” “எதற்காக?” ஒரு முறை மூன்றாம் வகுப்புச் சிறுமி சொன்னாள்: “நாம் எழுந்து போகாமல் இருக்க.” நான் எத்தனை மணி நேரம் எச்சரித்திருந்தாலும் இந்தத் தெளிவு அவளுக்கு வந்திருக்காது. திரைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்பது பிடிபட்ட பிள்ளைக்கு இலவச வைரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை.

பெரும்பாலான சமூக ஊடகங்களில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். நம் பிள்ளைகளுக்குச் சொந்தக் கணக்கே கிடையாதே என்று ஆறுதல் அடையாதீர்கள். அம்மாவின் போனில் பார்க்கிறார்கள். பார்ப்பது முப்பத்து நான்கு வயதுப் பெண் என்று நினைத்துத்தான் அந்தப் போன் அடுத்த வீடியோவைத் தருகிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பல அம்மாக்கள் உடனே கையிலிருந்த போனைத் திறந்து பார்த்தார்கள்.

தனித்தகவல் பற்றிய வகுப்புக்கு டீக்கடைச் சுவர் போதும். “இதை டீக்கடைச் சுவரில் ஒட்டலாமா?” என்பதுதான் கேள்வி. சீட்டுகளில் எழுதி வைத்திருப்பேன்: பிடித்த விலங்கு, அப்பாவின் போன் எண், ஓடிபி, நேற்று வரைந்த மயில், நாளை வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டோம் என்ற செய்தி, சீருடையில் எடுத்த படம். கடைசிச் சீட்டுக்கு எப்போதும் சண்டை நடக்கும். படம்தானே, ஒட்டலாம் என்று ஒரு பக்கம். அடையாள அட்டையில் பள்ளிப் பெயரும் ஊரும் தெரிகிறதே என்று மறுபக்கம். ஓர் ஆண்டு அந்தச் சண்டையின் நடுவில் ஐந்தாம் வகுப்பு மாணவி எழுந்து, “அப்படியானால் எங்கள் படத்தை ஏன் டீச்சர் ஸ்டேட்டஸில் வைக்கிறீர்கள்?” என்றாள். எனக்குப் பதில் இல்லை. ஆண்டு விழா, மரம் நடுதல், கைகழுவும் தினம் என்று எத்தனையோ படங்களை யாரையும் கேட்காமல் போட்டிருந்தேன். அன்று மாலையே எல்லாவற்றையும் நீக்கினேன். 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள்தாம். அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதைவிட அந்தச் சிறுமியின் கேள்வி எனக்குப் பெரிதாக இருந்தது. இப்போது படம் எடுக்கும் முன் பிள்ளையையும் கேட்கிறேன், பெற்றோரையும் கேட்கிறேன். முகம் தெரியாமல் கைவேலையை மட்டும் எடுக்கிறேன்.

பொய்ச் செய்தியைப் பற்றிச் சொல்லித்தர மழைக்காலத்துக்குக் காத்திருங்கள். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஒரு படம் எப்படியும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பல நேரம் அது போன ஆண்டுச் செய்தியாக இருக்கும். தேதி என்ன, எந்த மாவட்டம், சொன்னது ஆட்சியரா, வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று பிள்ளைகள் துப்பறிவார்கள். விடுமுறை என்றால் அவர்களுக்குச் சொந்த விஷயம். எனவே அரைகுறையாக விடமாட்டார்கள்.

நம் ஊர்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னார்: “எனக்குப் போனில் வருவதைப் படிக்கத் தெரியாது, டீச்சர். நூறு நாள் வேலைச் சம்பளம் வந்ததா என்று பையன்தான் படித்துச் சொல்வான்.” பல வீடுகளில் ஒன்பது வயதுப் பிள்ளைதான் குடும்பத்தின் வங்கிச் செய்தியைப் படிக்கிறது, பாட்டிக்கு வரும் ஓடிபியை உரக்கச் சொல்கிறது. ஆகவே அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது அந்த வீட்டுக்கே சொல்லித்தருவதாகும். ஓடிபி செய்தியின் மாதிரி ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அதிலேயே ‘யாரிடமும் பகிராதீர்கள்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும் வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தேன். ஆங்கிலப் பாடத்தில் அவர்கள் அத்தனை ஆர்வமாகப் படித்த வாக்கியம் வேறில்லை.

அதே கூட்டத்தில் பெற்றோரிடம் ஒரு வாக்குக் கேட்டு வாங்கினேன். பிள்ளை தானாக வந்து எதைச் சொன்னாலும் அன்று அடிக்கக் கூடாது, போனைப் பிடுங்கக் கூடாது. சில அப்பாக்களுக்கு இது பிடிக்கவில்லை. “செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்” என்றார்கள். நான் விடவில்லை. போனைப் பிடுங்கினால் அடுத்த முறை பிள்ளை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். முகம் தெரியாத ஒருவன் படம் கேட்டு மிரட்டும்போது அந்த மறைக்கும் பழக்கம்தான் அவனுக்கு உதவும். யாரிடம் சொல்வது என்று ஒவ்வொரு பிள்ளையும் மூன்று பெயர் எழுதி நோட்டின் பின் அட்டையில் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண். தாத்தா, சத்துணவு அக்கா, பக்கத்து வீட்டுச் சித்தி என்று பெயர்கள் இருக்கும். பெயர் எழுதப்பட்ட பெரியவர்களிடமும் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

இந்த வயதில் எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டால், இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதிலேயே நிரல் எழுதுவதும் சொந்தத் தகவலைக் காப்பதும் ஒரே பாடமாக இருக்கின்றன என்று சொல்லுங்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பக்கத்துக் கேரளத்தில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை ‘களிப்பெட்டி’ என்ற பெயரில் கணினிப் பாடநூலே உண்டு.

உங்களிடம் இருக்கும் அந்த ஒரே கணினியை இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் போதும். டக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருள் இலவசம், இணையம் இல்லாமலே ஓடும். ஒரு பிள்ளை மவுஸைப் பிடிக்கட்டும், அடுத்தது கட்டளை சொல்லட்டும், இன்னும் இருவர் பிழை பார்க்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறட்டும். மவுஸ் எப்போதும் வீட்டில் கணினி இருக்கும் பிள்ளையின் கைக்கே போகும், பெண் பிள்ளைகள் பின்னால் நின்றுவிடுவார்கள். அதை மட்டும் நீங்கள் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.