சிவப்புக் கங்காருவின் உடம்பு எதற்கு?

கேள்வி: ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்று குத்துச்சண்டை போடும் கங்காரு வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த உடம்பே சண்டைக்கென்று அமைந்ததுதானே?

பதில்: இல்லை. வீடியோவை வைத்து ஒரு விலங்கை எடைபோடாதீர்கள். வயிற்றில் பை உள்ள விலங்குகளிலேயே பெரியது சிவப்புக் கங்காரு. ஆண் 85 கிலோவரை வளரும். பெண் அதில் பாதிகூடத் தேறாது. நிறமும் பல இடங்களில் நீலம் கலந்த சாம்பல். பெண்ணுக்காக ஆண்கள் மல்லுக்கட்டுவது உண்மைதான். முன்கைகளால் பிடித்துக்கொண்டு, வாலை ஊன்றி, பின்னங்கால் இரண்டாலும் உதைக்கும்.

ஆனால் அந்தக் கைக்கும் காலுக்கும் வாலுக்கும் அன்றாட வேலை வேறு. ஆஸ்திரேலியாவின் உள்பகுதியில், ஆண்டுக்கு 500 மி.மீ. மழைகூடக் காணாத வறண்ட நிலத்தில் பிழைக்க வேண்டும். பகலில் நிழலில் படுத்துக்கொண்டு முன்கையை நக்கும். அங்கே தோலுக்கு அடியிலேயே ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. எச்சில் காயக் காய ரத்தம் குளிரும். வெயில் தாழ்ந்தபின்தான் மேய்ச்சல். அப்போது வால்தான் ஐந்தாவது கால், உடலை முன்னே தள்ளுவதே அதுதான்.

தாவலைச் சொல்லாமல் விட முடியாது. 1973-ல் டெரன்ஸ் டாசன், ரிச்சர்ட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் கங்காருவை ட்ரெட்மில்லில் தாவவிட்டு அளந்தார்கள். வேகம் கூடியும் ஆக்சிஜன் செலவு கூடவில்லை! பின்னங்கால் தசைநார்கள் ஒவ்வொரு தாவலிலும் இழுபட்டுச் சுருங்கி, தரையில் இறங்கிய விசையில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. புல் தேடி வெகுதூரம் போக வேண்டிய விலங்குக்கு இதைவிடப் பெரிய பலம் எது?

என்னைக் கேட்டால், வியக்க வேண்டியது பெண்ணைத்தான். 33 நாள் கர்ப்பம். ஒரு கிராம்கூட இல்லாத குட்டி தானே ஏறிப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்வும். எட்டு மாதம்போல அங்கே வளரும். பிரசவமான ஓரிரு நாளில் தாய் மறுபடி கருவுறும், ஆனால் அந்தக் கரு வளராமல் காத்திருக்கும். வறட்சியில் பைக்குட்டி இறந்துவிட்டால், காத்திருந்த கரு வளரத் தொடங்கும். வறட்சி நீண்டுகொண்டே போனால் இனப்பெருக்கமே நின்றுபோகும். நல்ல மழை பெய்து புல் தழைத்தால் திரும்பத் தொடங்கிவிடும்.