அம்மாவுக்கு 48 வயது, சாப்பாட்டைத் தவிர்க்கிறார், கண்ணாடி முன்னால் நின்று வயிற்றையே பார்க்கிறார். இந்த வயதில் உணவுக் கோளாறு வருமா?

தாராளமாக வரும். உடம்பைப் பற்றிய கவலையில் பட்டினி கிடப்பது, அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற மனநலப் பிரச்சினைதான் உணவுக் கோளாறு. "இந்த வயசுல போய் என்ன அழகு வேண்டிக்கிடக்கு" என்று உறவுக்காரர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், அதைக் காதில் வாங்காதீர்கள். பிரிட்டனில் நாற்பது, ஐம்பதுகளில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. 100-க்கு 15 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது உணவுக் கோளாறு இருந்திருக்கிறது, அதில் உதவி தேடிப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நம் வீடுகளில் இது இன்னும் சுலபமாக மறைந்துவிடும், ஏனென்றால் ஒரு அம்மா சாப்பிடாமல் இருப்பது இங்கே யார் கண்ணுக்கும் குறையாகப் படுவதில்லை. என் சித்திக்கு இது வந்தபோது செவ்வாய், வெள்ளி விரதம், அப்புறம் சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், மிச்ச நாளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிடுறேன்". என்ன பக்தி என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தோம். நடுராத்திரியில் விளக்குகூடப் போடாமல் அடுப்படியில் நின்றபடியே பானையில் மிஞ்சிய சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, கொல்லைப்புறம் போய் விரலை விட்டு வாந்தி எடுப்பார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு கல்யாணத்துக்காகப் பழைய பட்டு ஜாக்கெட்டின் தையலை முழுக்கப் பிரித்தும் கொக்கி மாட்ட முடியாமல் போனதில் ஆரம்பித்ததாம்.

மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரும், எடை அப்படியே இருந்தாலும் வயிறு தெரியும். அதற்காகப் பட்டினி கிடந்தால் கரைவது கொழுப்பு மட்டுமில்லை, தசையும்தான். எலும்பு ஏற்கெனவே வலுவிழக்கிற வயது வேறு.

முதலில் பொது மருத்துவரிடம் கூட்டிப்போய் சர்க்கரை, தைராய்டு பாருங்கள், இளைப்பதற்கு அவையும் காரணமாக இருக்கலாம். வாந்தி எடுக்கிறார் என்று சந்தேகம் இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது உப்பு குறையும், இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். அப்புறம் மனநல மருத்துவர். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் "இளைச்சுட்டே", "குண்டாயிட்டே" இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். "ஏன் சாப்பிடலை" என்று மல்லுக்கு நிற்க வேண்டாம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்து, நீங்கள் பரிமாறுங்கள்.