இரு கட்டுமான நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பு ஆபத்தை எப்படி ஒப்பிடுவது?

வருவாயையோ ஆள் எண்ணிக்கையையோ மட்டும் வைத்து ஒப்பிட்டால் சரியான விடை கிடைக்காது. எச்சரிக்கை வந்தால் அதை யார் பார்க்கிறார்கள், பழைய மென்பொருள் எங்கெல்லாம் இன்னும் ஓடுகிறது என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும்.

பிரிட்டனின் இன்டர்சர்வ் கட்டுமானக் குழுமத்தில் 2020இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. ஊழியர் ஒருவர் தனக்கு வந்த மோசடி மின்னஞ்சலைச் சக ஊழியருக்கு அனுப்பிவைக்க, அந்தச் சக ஊழியர் அதைத் திறந்து கோப்பைப் பதிவிறக்கினார். வைரஸ் தடுப்பு மென்பொருள் எச்சரித்தும் முழுமையாக விசாரிக்கப்படாததால், ஊடுருவியவர்கள் 283 கணினி அமைப்புகளையும் 16 கணக்குகளையும் வசப்படுத்தி, அந்தத் தடுப்பு மென்பொருளையே நீக்கிவிட்டு, இந்நாள், முன்னாள் ஊழியர்கள் 1,13,000 பேர் வரையிலானோரின் விவரங்களை முடக்கினர். 2022 அக்டோபரில் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 44 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

நிறுவனங்கள் காட்டும் இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு நான் அதிக மதிப்பெண் தருவதில்லை. துணை ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு மாறியதாக மின்னஞ்சல் வரும்போது, ஏற்கெனவே பதிவிலுள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்த பின்னரே பில் தொகையை விடுவிக்கும் நிறுவனத்துக்கு ஆபத்து குறைவு. வேலை முடித்துப் போன ஒப்பந்ததாரரால் இன்னமும் வரைபடக் கோப்புகளைத் திறக்க முடிகிறதா என்பதையும் இரு தரப்பிலும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வித்தியாசம் தெரியவரும்.